கண்ணில் புழு எடுத்தார்கள், மூளைக்குப் போய்விடுமா?

கேள்வி: டாக்டர், போன வாரம் நல்ல மத்தியான வெயிலில், செம்மறி ஆடுகளை அடைத்திருந்த பட்டியை ஒட்டி நடந்துபோய்க்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பூச்சி விர்ரென்று வந்து இடது கண்ணில் மோதிவிட்டுப் போனது. ஈரமாக எதுவோ தெறித்த மாதிரியும் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரிக்குள் கண் சிவந்து, தண்ணீராகக் கொட்டி, மண் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்தது. நடுநடுவே உள்ளே ஊர்வதுபோலவும் இருந்தது. மருந்துக்கடையில் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. மறுநாள் கண் மருத்துவர் கருவியில் வைத்துப் பார்த்து, புழு இருக்கிறது என்று சொல்லி, ஐந்து புழுக்களை எடுத்துக் காட்டினார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இன்னும் லேசாக உறுத்துகிறது. மிச்சம் ஏதாவது உள்ளே இருக்குமோ, கண்ணுக்குப் பின்னால் போய் மூளைக்கு ஏறிவிடுமோ, பார்வை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. "சுத்தமாக இருந்தால் இதெல்லாம் வருமா?" என்று வீட்டில் பேச்சு. என் மூன்று வயதுக் குழந்தையை என் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. ஏதோ ஒரு இலைச்சாற்றைப் பிழிந்து விட்டால் மிச்சப் புழு செத்துவிடும் என்கிறார்கள். விடலாமா? என் மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். கீழ் இமையோரத்தில் ரொம்ப நாளாக ஆறாத ஒரு சின்னப் புண் வேறு அவருக்கு இருக்கிறது. என்னிடமிருந்து அவருக்கும் ஒட்டிவிடுமோ என்று கவலைப்படுகிறார்கள். மருத்துவர் மறுபடி வரச் சொல்லியிருந்தார்; வெட்கத்தில் நான் போகவே இல்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் புழு மூளைக்குப் போகாது. பார்வையைப் பறிக்காது. குழந்தைக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ உங்களிடமிருந்து ஒட்டாது. கண்ணில் எந்தச் சாற்றையும் விடாதீர்கள். மறு பரிசோதனைக்கு நாளைக்கே போய்விடுங்கள். போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, மாமனாரின் ஆறாத புண், உங்கள் கண்ணைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

உங்கள் கண்ணில் வந்து மோதியது பெரும்பாலும் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்ற ஈயாகத்தான் இருக்கும். செம்மறி ஆடு, வெள்ளாடுகளின் மூக்குக்குள் வளரும் புழுவுக்குத் தாய் இந்த ஈ. ஒரு சென்டிமீட்டர் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், பார்த்தால் தேனீயின் சாயல். வீட்டில் மொய்க்கும் ஈயைப்போல இது சாப்பாட்டிலோ குப்பையிலோ உட்காராது. வளர்ந்த ஈஸ்ட்ரஸ் ஈக்குத் தின்பதற்கு ஏற்ற வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது உடம்பில் சேர்த்துவைத்ததைக் கொண்டு கொஞ்ச காலம் வாழ்ந்து, இனத்தைப் பெருக்கிவிட்டுச் செத்துப்போகும்.

இதற்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலான ஈக்களைப்போல வெளியே முட்டையிடாது. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும். பொரிந்த குட்டிப் புழுக்களை ஒரு துளி நீரோடு சேர்த்து, எங்கும் உட்காராமல், பறந்தபடியே ஆட்டின் மூக்கில் பீய்ச்சிவிட்டுப் போகும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் 500 புழுக்கள் வரை போடக்கூடும். வெயிலேறிய வெப்பமான நேரத்தில்தான் இதற்குச் சுறுசுறுப்பு அதிகம். ஆடுகளுக்கு இந்த ஈயை நன்றாகத் தெரியும். இது சுற்ற ஆரம்பித்தால் மேய்வதை விட்டுவிட்டு ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். மூக்கைத் தரையிலோ பக்கத்து ஆட்டின் ரோமத்துக்குள்ளோ புதைத்துக்கொள்ளும். அப்படி ஆட்டைச் சுற்றும் ஈ, பக்கத்தில் வரும் மனிதரின் கண்ணிலும் சில நேரம் அந்தத் துளியைப் போட்டுவிடும். ஈரமாகத் தெறித்ததுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, புழுக்கள் வந்தது அந்த ஈரத்தில்தான். கண் சிமிட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும். யாராலும் தடுத்திருக்க முடியாது.

ஆட்டின் மூக்கில் விழுந்த புழு உள்ளே ஏறி, மண்டையோட்டின் காற்றறைகள் வரை போகும். அங்கே இரண்டு முறை தோலுரிக்கும். விழும்போது ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தது, கடைசியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடித்துவிடும். பருவநிலையைப் பொறுத்து இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். முற்றிய புழுவை ஆடு தும்மித் தள்ளும். அது மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, பிறகு ஈயாக வெளியே வரும். மனிதக் கண்ணில் இதெல்லாம் நடக்காது. முதல் தோலுரிப்புக்கே தேவையான சூழல் அங்கே இல்லை. அதனால் புழு முதல் பருவத்திலேயே நின்றுபோய், யாரும் எடுக்காவிட்டால்கூடப் பத்து நாட்களுக்குள் செத்துவிடும். உங்கள் கண்ணில் அது பெருகியிருக்க முடியாது. ஈயாக மாறவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. குழந்தைக்கு ஒட்டாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். இன்றிரவே குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு ஏறுமா என்ற கேள்விக்குக் கண்ணின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. இமையின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, மேலேயும் கீழேயும் கொஞ்ச தூரம் போய் மடிந்து திரும்பி, விழியின் வெள்ளைப் பகுதியின் மேல் படர்கிறது. இமைக்கும் விழிக்கும் நடுவே இருக்கும் இடம் அந்த மடிப்போடு முடிந்துவிடுகிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சில சமயம் லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். பின்னால் போக வழியே இல்லை. மேல் இமையைப் புரட்டினால் மடிப்புக்குள் சுருண்டு கிடக்கும். உங்கள் புழுக்களுக்கும் அவ்வளவுதான் இடம். அங்கிருந்து வேறொரு பாதை உண்டென்றால் அது கண்ணீர் வடியும் குழாய். அதுவும் மூக்கில்தான் போய்த் திறக்கிறது. இந்த ஈ நேராக மனிதரின் மூக்கிலோ வாயிலோ புழுக்களைப் போடுவதும் உண்டு. ஆகவே அன்று முதல் உங்களுக்கு விடாத தும்மல், மூக்குக்குள் குறுகுறுப்பு, தொண்டையில் கிச்சுகிச்சு, வறட்டு இருமல் ஏதாவது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தானே செத்துப்போகுமென்றால் எதற்காக மெனக்கெட்டு எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். அதன் வாயில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு இந்தப் புழு ஒரு வெள்ளை நூல் துணுக்காகத் தெரியும், அல்லது பீளை என்று நினைத்துவிடுவோம். ஸ்லிட் லேம்ப் கருவியில் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே இருப்பது தெரியும்படி வெளிறிய உடல், வளையம் வளையமாகப் பகுதிகள், அவற்றில் பொடி முட்கள், தலைமாட்டில் வளைந்த இரண்டு கறுப்புக் கொக்கிகள். அந்தக் கொக்கியால் சவ்வைப் பற்றிக்கொண்டுதான் நகரும். போகிற வழியெல்லாம் கீறல். கருவிழியின் மேல் போனால் அங்கேயும் கீறல். சவ்வில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகளையும் பார்த்திருக்கிறோம். உறுத்தலுக்கும் வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதற்கும் இதுதான் காரணம். கீறல் வழியே பாக்டீரியா புகுந்தால் அது வேறு தொல்லை.

இந்தப் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கருவியின் ஒளிக்கற்றை மேலே விழுந்த உடனே நெளிந்து நெளிந்து வெளிச்சத்தின் எல்லையைத் தாண்டி, இமை மடிப்புக்குள் ஓடி ஒளியும். முதல் பார்வையில் ஒன்றுமே இல்லாத சிவந்த கண்ணாகத் தெரிந்து, இமையைப் புரட்டினதும் இரண்டு மூன்று அங்கே இருப்பதைப் பார்க்க நேரும். தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவினால் மட்டும் போதாமல் போவதும் அந்தக் கொக்கிப் பிடியால்தான். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து போட்டால் உங்களுக்கு வலி தெரியாது. புழுவும் துவண்டு பிடியைத் தளர்த்தும். அதற்குப் பிறகு நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்போம். மேல் இமையைப் புரட்டி, மடிப்பின் ஆழம் வரை பஞ்சு சுற்றிய குச்சியால் துழாவுவோம். ஒரு கண்ணில் ஒன்றே ஒன்று இருக்கலாம், பத்துக்கு மேலும் இருக்கலாம். எண்ணிக்கை முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. எவ்வளவு கவனமாகத் தேடினாலும் மடிப்பின் மூலையில் ஒன்று தப்பிவிடக்கூடும். மறுபடி வரச் சொல்வது அதற்காகத்தான். உங்கள் மருத்துவர் செய்தது எல்லாமே சரி. வெட்கப்பட்டு அந்த வருகையைத் தவறவிட்டது மட்டும்தான் இதில் குறை. அதையும் நாளைக்கே சரிசெய்துவிடலாம்.

இப்போதும் இருக்கும் லேசான உறுத்தலுக்கு மிச்சப் புழுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கீறல் ஆறும்வரை உறுத்தும். புழுவின் கழிவுக்கும் சுரப்புக்கும் எதிராகக் கண்ணில் வந்த ஒவ்வாமை அடங்கவும் சில நாட்கள் வேண்டும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் நல்ல அறிகுறி. கூடிக்கொண்டே போனாலோ, மஞ்சளாகச் சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ நாளை என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. நாளைய பரிசோதனையில் மருத்துவர் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கீறல் இருந்தால் அது பச்சையாக ஒளிரும். எதுவும் ஒளிராமல், இமை மடிப்பும் சுத்தமாக இருந்தால், கதை முடிந்தது என்று நிம்மதியாக வரலாம். ஊர்வதுபோன்ற உணர்வு சிலருக்கு அதன் பிறகும் கொஞ்ச நாள் தங்கும். புழுவைக் கண்ணால் பார்த்துவிட்ட பயம் உடனே போகாது. அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு முறை பார்த்துச் சொல்ல எந்த நல்ல மருத்துவரும் சலித்துக்கொள்ள மாட்டார்.

மருந்துக்கடைச் சொட்டு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிவந்த கண் என்றதும் எடுத்துக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. புழுக்களை எடுத்த பிறகு, ஒவ்வாமையைக் குறைக்க மருத்துவரே சில நாட்களுக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பதுண்டு. அது அவர் கண்காணிப்பில் நடப்பது. நாமாக வாங்கிப் போட்டால் சிவப்பு மட்டும் வடிந்து, உள்ளே இருப்பது மறைந்துவிடும். கண்ணில் இருப்பது ஹெர்ப்பிஸ் வைரஸ் புண்ணாக இருந்துவிட்டால் அது கொழுந்துவிட்டு எரியும். மாதக்கணக்கில் போட்டால் கண்ணழுத்தம் ஏறி, கண்புரையும் வரும். வீட்டில் அந்தப் புட்டி மிச்சமிருந்தால், அதையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இலைச்சாறு சமாச்சாரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புழு கீறிவைத்த கருவிழி தோலுரிந்த இடம் மாதிரி. அதில் காய்ச்சாத, வடிகட்டாத, என்னென்ன கிருமி இருக்கிறதென்றே தெரியாத எதை விட்டாலும் பூஞ்சைத் தொற்றுக்கு வாசலைத் திறந்துவிடுகிறோம். கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரைக்கும் போயிருக்கிறது. தானே செத்துப்போகும் ஒரு மில்லிமீட்டர் புழுவுக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. பரிந்து சொல்கிறவர்களிடம் கோபப்படாமல், டாக்டர் வேண்டாமென்று எழுதியிருக்கிறார் என்று என் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

சுத்தத்தைப் பற்றிய பேச்சு உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இந்த ஈ அழுக்கைத் தேடி வருவதில்லை. காலையில் குளித்து, வெளுத்த உடை உடுத்தி, ஆட்டுப் பட்டியைத் தாண்டிப் போகிறவரின் கண்ணிலும் போடும். மேய்ப்பர்களுக்கு இது புதிதே அல்ல. அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதி மேய்ப்பர்களின் கண்ணிலும் மூக்கிலும் இந்த ஈ புழு போடுவதைப் பற்றி எட்மண் செர்ஜென், எத்தியென் செர்ஜென் என்ற சகோதரர்கள் 1907-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா என்று ஆடு வளர்க்கும் இடங்களிலெல்லாம் கண் மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். ஆட்டுப் பக்கமே போகாத நகரவாசிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். பறந்துவந்த ஒரு பூச்சியால் நேர்ந்த விபத்து இது. உங்கள் வீட்டார் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்று விரும்பித்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. எதுவோ பறந்துவந்து கண்ணில் மோதியது, சில மணி நேரத்துக்குள் அந்த ஒரு கண் மட்டும் சிவந்து உறுத்துகிறது என்றால், மருத்துவரிடம் போனதும் அந்த மோதலை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "கண் சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் சாதாரணக் கண்வலியாகப் போய்விடும். "பூச்சி மோதியது" என்றால் மருத்துவர் இமையைப் புரட்டுவார். மோதிய உடனே கசக்காமல், சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுவது நல்லது. ஆட்டு மந்தைக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி பாதுகாப்பு தரும். மந்தையில் ஆடுகள் மூக்குச்சளி ஒழுகி, தும்மிக்கொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஐவர்மெக்டின் வகை மருந்துகளுக்கு ஆட்டின் மூக்குப் புழு கட்டுப்படும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தை மனிதர் தொடக் கூடாது.

உண்மையிலேயே கண்ணுக்குள் புகும் புழுவும் இருக்கிறது. மறைத்துவைத்தால் வேறெங்காவது படித்துவிட்டுப் பயப்படுவீர்கள், அதனால் நானே சொல்கிறேன். மாடுகளின் தோலுக்கடியில் வளரும் ஹைப்போடெர்மா என்ற ஈயின் புழு, அபூர்வமாக மனித உடம்பில் புகுந்து, விழிக்கோளத்துக்குள்ளேயே நுழைந்து விழித்திரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தடம் போட்டுக்கொண்டு திரியும். விழித்திரையைப் பரிசோதிக்கும்போது அந்தத் தடங்கள் தெளிவாகத் தெரியும். இடத்தைப் பொறுத்து லேசரால் சுட்டோ அறுவை செய்தோ அதைக் கையாளுவார்கள். புழு ஏற்கெனவே செத்துக் கிடந்து, அழற்சியும் இல்லையென்றால் கண்காணிப்போடு விட்டுவிடுவதும் உண்டு. கண் முன்னால் கரும்புள்ளிகள் மிதப்பது, மின்னல் வெட்டுவது, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுவது ஆகியவை உட்பக்கக் கோளாறின் அறிகுறிகள். ஆட்டு ஈயின் புழு இப்படி உள்ளே போனதாக வந்த தகவல்கள் மிகமிக அரிது. உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. இருந்தாலும் நாளைக்குப் போகும்போது, கருவிழியின் நடுவே தெரியும் கண்பாவையை விரிக்கும் சொட்டு விட்டு ஒரு தடவை விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் தூக்கம் வருவதற்காவது அது உதவும்.

இனி உங்கள் மாமனார்.

உங்களிடமிருந்து அவருக்கு எதுவும் ஒட்டாது. ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவர், இமையோரத்தில் திறந்த புண், விரட்டக் கை எழாத நிலை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறொரு ஈதான் நினைவுக்கு வந்தது. கிரைசோமியா பெசியானா. ஆப்பிரிக்கா முதல் தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது. உங்கள் கண்ணில் விழுந்த புழுவோடு இதை ஒப்பிடவே கூடாது. இது புண்ணின் ஓரத்தில் ஒரே இருப்பில் 100 முதல் 250 முட்டை வரை இடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னும். தலையை உள்ளே குத்திக்கொண்டு, மூச்சுவிடும் பின்பகுதியை மட்டும் வெளியே வைத்து, நெருக்கமாக அடைந்துகொண்டு ஆழமாகத் தோண்டும். ஐந்து முதல் ஏழு நாட்கள் தின்று கொழுத்த பிறகுதான் தரையில் விழும். புண்ணிலிருந்து வரும் நாற்றம் இன்னும் பல ஈக்களைக் கூட்டிவரும். இமையில் தொடங்கியது கண்குழிக்குள் இறங்கிவிட்டால் சில நாட்களிலேயே கண்ணை இழக்க நேரிடும். உயிரைக் காப்பாற்றக் கண்குழிக்குள் இருப்பதையெல்லாம் முழுவதுமாக எடுக்க வேண்டிவந்த நோயாளிகளும் உண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க ஈ கால்நடைகளுக்குச் செய்த நாசத்தைத் தாங்க முடியாமல்தான் எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லாண்ட் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர்கள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் ஈ வாழ்நாளில் பொதுவாக ஒரே முறைதான் இணைசேரும் என்பதைக் கவனித்து, கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாகப் பறக்கவிட்டார்கள். 1954-ல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில் அந்த ஈ அடியோடு ஒழிந்தது. ஒரு தேசத்தின் முயற்சி தேவைப்பட்ட அளவுக்கு வலிய எதிரி அது என்பதற்காகச் சொன்னேன். படுக்கையில் இருக்கும் ஒருவரால் தனியாக அதை எதிர்கொள்ள முடியாது. நீரிழிவு உள்ளவர்கள், பக்கவாதத்தால் அல்லது முகநரம்பு செயலிழந்ததால் இமை மூடாதவர்கள், நினைவு தப்பியவர்கள், மறதி நோயால் வலியைச் சொல்லத் தெரியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் நாம்தான் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் கவலைப்படுவதற்கு இரண்டாவது காரணம் புண்ணேதான். கீழ் இமையோரத்தில் பல மாதங்களாக ஆறாமல், பொருக்குக் கட்டி உதிர்ந்து, மறுபடி கசியும் புண் என்றால் அது புற்றாக இருக்கக்கூடும். பேசல் செல் கார்சினோமா என்ற வகை, இமையில் வரும் புற்றுகளில் உலக அளவில் அதிகம் காணப்படுவது. கீழ் இமையைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். மெதுவாக வளரும், வலிக்காது, உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் அநேகமாகக் குணமாகிவிடும். விட்டுவைத்தால் கண்குழிக்குள் இறங்கும். இமையில் வரும் வேறு சில புற்றுகள் இதைவிட வேகமானவை. ஓரம் முத்துப்போல் மினுங்குகிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா, அந்த இடத்தில் இமைமுடி கொட்டிவிட்டதா என்று இன்றைக்குப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரண இமைத் தொற்றாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதை முடிவுசெய்யத் துளி சதை எடுத்துச் செய்யும் பயாப்சி வேண்டும். பார்வையால் மட்டும் சொல்லிவிட முடியாது.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியது இவ்வளவுதான். காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ நனைத்த சுத்தமான காஸ் துணியால் புண்ணை மெதுவாக ஒற்றி எடுத்து, புதிய காஸால் மூடுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். பகலிலும் கொசுவலை போடுங்கள், ஈ பகலில்தான் வரும். மூக்கு, வாய், காது, முதுகுப்புறப் புண் ஏதாவது இருந்தால் அதையும் தினம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். திடீரென்று துர்நாற்றம், ரத்தம் கலந்த கசிவு, இமை வீக்கம், அவரிடம் காரணமில்லாத அமைதியின்மை, புண்ணுக்குள் எதுவோ அசைவது, இதில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் டர்பென்டைன் ஊற்றாதீர்கள். ஆழத்தில் இருக்கும் புழுவை வெளியே வரவைக்க மருத்துவர்கள் அதை அளவாகப் பயன்படுத்துவது உண்மைதான். கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். மருத்துவமனையில் புழுக்களை எடுப்பார்கள், ஸ்கேன் எடுத்து ஆழத்தைப் பார்ப்பார்கள், செத்த சதையை நீக்குவார்கள், எடைக்கு ஏற்ற அளவில் ஐவர்மெக்டின் மாத்திரையும் தேவைப்பட்டால் கொடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது. தினமும் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

நாளைக்கு உங்களோடு அவரையும் அழைத்துப்போக முடிந்தால் அழைத்துப்போங்கள். தூக்கிப்போக வசதி இல்லையென்றால், புண்ணை நல்ல வெளிச்சத்தில், ஒன்று நெருக்கத்திலும் ஒன்று முகம் முழுதும் தெரியும்படியும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். புண் எப்போது வந்தது, இடையில் ஆறியதா, அவருக்குச் சர்க்கரை உண்டா, ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முறை வந்ததும் மேல் இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தைக் காட்டி, "இதற்கு பயாப்சி வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.